நர்ஸாக நடித்தவர் யார்?

நனைந்த ஸ்வெட்டர் வாசனை... எண்பதுகளில் கொடைக்கானலில் தியேட்டருக்குப் போனவர்களுக்கு அது தெரியும்.

டைட்டிலில் ஓடும் பெயர்களை டார்ச் வெளிச்சத்தில் நோட்டில் எழுதுவேன். பாதி எழுதுவதற்குள் ஓடிவிடும். மீதிக்கு மறுநாள் மறுபடியும் போக வேண்டும். கடைசியில் 'மற்றும் பலர்' என்று போடுவார்கள் பாருங்கள், அந்தப் பலரைத் தேடுவதுதான் என் கிறுக்கு.

டீக்கடையில் யார் நடித்தது என்று சண்டை வந்தால் என்னிடம்தான் வருவார்கள். தெரியாது என்று நான் சொன்னதே இல்லை. அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஒரு படத்துக்கு ஏரிக்கரையில் ஷூட்டிங். விடிகாலை, மழை வேறு. நர்ஸாக நடிக்க வேண்டியவர் வழியில் மண் சரிந்து, கீழே பண்ணைக்காடு ஊரிலேயே மாட்டிக்கொண்டார். வேடிக்கை பார்க்க நின்ற உள்ளூர் ஆட்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொருவர் மிஷன் ஸ்கூல் டீச்சர். அவரை நிறுத்தி எடுத்துவிட்டார்கள். அரை நிமிடம்தான். குரல்கூட வேறு யாருடையதோ.

படம் ஊருக்கு வந்ததும் பேச்சு கிளம்பியது. ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் கூப்பிட்டுக் கேட்க, 'நான் இல்லை' என்று சொல்லிவிட்டார் டீச்சர். சினிமாவில் தலைகாட்டியது தெரிந்தால் மிஷன் ஸ்கூலில் வேலை போய்விடும். அவர் சம்பளத்தில்தான் வீடே ஓடியது. நேரே என்னிடம் வந்தார்.

"ஊரே ஒங்ககிட்டதான் வந்து கேக்கும். தெரியாதுன்னு சொல்லிருங்க தம்பி."

சொன்னேன். "ஏலே, ஒனக்கே தெரியலையா?" என்று டீக்கடையில் ஒரு மாதம் ஓட்டினார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. டீச்சர் வேலை தப்பியது.

அந்த நோட்டுகள்தான் இப்போது என் வெப்சைட். படமோ சீரியலோ, யார் யார் நடித்தது என்று தேடிப் பார்க்கலாம். அப்போது ஒரு டீக்கடையைச் சமாளித்தால் போதும்... இப்போது எங்கெங்கிருந்தோ மெயில் வருகிறது, அந்த நர்ஸ் யார் என்று.

போன மாதம் டீச்சருக்குப் போன் செய்தேன். சிஸ்டர் காலமாகியே பல வருஷம் ஆகிவிட்டது, இனி பெயர் போடலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. 'அந்தப் புள்ள பொய் சொல்லாது'ன்னு சிஸ்டர் எல்லார்கிட்டயும் எனக்காகப் பேசுனாங்க. அது அப்படியே இருக்கட்டும்."

சைட்டில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இதுகூடத் தெரியாமல் எதற்கு சைட் என்று நேற்று ஒருவர் திட்டியிருந்தார். வாங்கிக்கொண்டேன்.

இதைப் படித்துவிட்டு நீங்களும் நர்ஸைத் தேடிக் கிளம்ப வேண்டாம். வேஷத்தை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.