கழித்தல் குறி போட்ட கை

அம்மா போட்ட அலறலில், படியேறிக்கொண்டிருந்த பால்காரர் கேனை அப்படியே வைத்துவிட்டு எங்கள் வாசலுக்கு ஓடிவந்துவிட்டார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். ஈரத்தலையோடு வெளியே வந்து பார்த்தால் அம்மா சுவரோடு ஒட்டி நிற்கிறாள். தரையில் என் ஆபீஸ் பை. அதிலிருந்து பாதி சரிந்த துண்டுக்குள், மணிக்கட்டோடு வெட்டியெடுத்த மாதிரி ஒரு கை.

"யாரோட கைடீ இது?"

"பிளாஸ்டர்மா. ஆஸ்பத்திரியில அச்சு எடுத்தது. பொம்மை மாதிரி."

"பொம்மைக்கு எதுக்குடி நகமும் நரம்பும்?"

பால்காரர் எட்டிப் பார்த்துவிட்டு "ராம் ராம்" என்றபடி இறங்கிப் போனார். மாதுங்காவில் எங்கள் கட்டடம் முழுவதும் அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கையைப் பற்றித் தெரிந்துவிட்டது.

அறுபதுகளின் கடைசி அது. கணிதத்தில் பட்டம் வாங்கிய கையோடு ஒரு ஆராய்ச்சி நிலையத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்திருந்தேன். ஒரு ஹாலையே அடைத்துக்கொண்டு நிற்கிற கம்ப்யூட்டர். அதற்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அட்டைகளில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். புதிதாக ஒரு வரையும் மெஷின் வேறு வந்திருந்தது. உருளையில் சுற்றிய காகிதத்தின் மேல் பேனா ஒன்று தானாக ஓடிப் படம் போடும்.

எங்கள் பிரிவின் தலைவர் செம்பூரிலிருந்து வருகிற பாலக்காட்டுக்காரர். செயற்கைக் கை, கால் செய்து பொருத்துகிற டாக்டர் ஒருவர் அவருக்குச் சிநேகிதர். அந்த டாக்டரிடம் ஒரு நோயாளி வந்திருந்தார். தாராவியில் இருக்கிற திருநெல்வேலிக்காரர். குர்லாவில் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் வலது கை மணிக்கட்டுக்குக் கீழே போய்விட்டது. யார் வந்தாலும் ஒரே அச்சில் செய்த மரக்கையைத்தான் அப்போது மாட்டிவிடுவார்கள். இவருக்கு இவருடைய கை மாதிரியே செய்தால் என்ன என்று டாக்டர் கேட்டிருக்கிறார். இடது கைதான் நன்றாக இருக்கிறதே, அதன் வடிவத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லி, கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பினால் வலது கை வந்துவிடும். படம் போட்டுக் கொடுத்தால் அதைப் பார்த்துச் செதுக்கலாம்.

"ஆனா அதுக்குக் கண்ணில்லையாக்கும்," என்றார் தலைவர். "கைன்னா என்னன்னு நாமதான் அதுக்குச் சொல்லணும். எப்படிச் சொல்லுவே?"

முதலில் அவர் வழியில் செய்து பார்த்தோம். உள்ளங்கை ஒரு பெட்டி, விரல் கணு ஒவ்வொன்றும் ஒரு உருளை, எல்லாவற்றையும் ஒட்ட வேண்டியது. மெஷின் வரைந்ததைப் பார்த்துப் பக்கத்து மேஜைக்காரர் "முருங்கைக்காய் கிலோ என்ன விலை?" என்றார்.

அடுத்து, அவருடைய இடது கையிலிருந்து அச்செடுத்த பிளாஸ்டர் கையின் மேல் பென்சிலால் புள்ளிகள் வைத்தேன். மேஜையின் ஒரு மூலையிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று அளந்தேன். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு என்றும் எழுதினேன். இந்தத் தடவை கை வந்தது. கம்பியால் பின்னிய கூண்டு மாதிரி, ஆனால் கைதான். சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அது புரண்டது. காகிதம் அசையவில்லை, ஒரு கோடும் மாறவில்லை. உள்ளங்கை என்று நான் நினைத்திருந்தது புறங்கையாகிவிட்டது. கண்ணை மூடித் திறந்தால் மறுபடி உள்ளங்கை. முன்னால் இருக்கிற கோடும் பின்னால் இருக்கிற கோடும் ஒன்றாகத் தெரிகிறபோது அது இடது கையா வலது கையா என்றே சொல்ல முடியவில்லை. இதை வைத்துக்கொண்டு செதுக்கினால் அந்த மனிதருக்கு இரண்டாவதாக ஒரு இடது கைதான் கிடைக்கும்.

கோடு போதாது, தோலும் வேண்டும் என்றார் தலைவர். புள்ளிகளுக்கு நடுவில் சின்னச் சின்னத் தட்டையான துண்டுகளாக ஒட்டி முழுக் கையையும் மூடுவது. ஒவ்வொரு துண்டுக்கும் அதன் மூலைகளைச் சொல்ல வேண்டும், அதுவும் வெளியிலிருந்து பார்க்கிறபோது இடஞ்சுழியாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வருகிற வரிசையில். எந்தப் பக்கம் வெளிப்பக்கம் என்று மெஷின் அந்த வரிசையை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். நம்மைப் பார்க்காமல் திரும்பியிருக்கிற துண்டுகளை வரையாமல் விட்டுவிடும். அந்த வேலைக்காகத்தான் பிளாஸ்டர் கையைத் தலை துவட்டுகிற துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்துவந்திருந்தேன். சமையலறைப் பக்கம் அது வரக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பால்கனியில் உட்கார்ந்து முடித்தேன்.

திங்கட்கிழமை ஒரே ஒரு மாற்றம் செய்தோம். புள்ளிகளின் அகல எண்களுக்கெல்லாம் கழித்தல் குறி. அவ்வளவுதான், இடது வலதாகிவிடும். பேனா ஓட ஆரம்பித்தது. பாதியிலேயே நான் எழுந்து நின்றுவிட்டேன்.

காகிதத்தில் கையின் முன்பக்கம் இல்லை. விரல்களின் உட்குடைவு தெரிந்தது. தோலை உரித்து, உள்ளே எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. டைப் அடிக்கிற பெண் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தலைவர் மட்டும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கையைத் திருப்பினோம். அதோட மூலையோட வரிசையும் திரும்பிப் போச்சு, பார்த்தியோ? இப்ப அதுக்கு உள்பக்கந்தான் வெளிப்பக்கம்."

வரிசையை எல்லாத் துண்டுகளுக்கும் தலைகீழாக மாற்றி, அட்டைகளைத் திரும்பத் துளையிட்டோம். மறுநாள் முழுக் கை வந்தது. வலது கை, சந்தேகமே இல்லாமல்.

அந்த வாரமே டாக்டர் அந்தத் திருநெல்வேலிக்காரரை அனுப்பிவைத்தார். கூட அவர் மனைவியும் வந்திருந்தார். கணவருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. முழுக்கைச் சட்டையின் வலது முனையை மடித்து ஊக்கு குத்தியிருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தலைவர் மெஷினை ஓட்டினார். பேனா சுண்டுவிரலில் ஆரம்பித்து, ஒவ்வொரு விரலாக ஏறி இறங்கி, கட்டைவிரலை முடித்துக்கொண்டு மணிக்கட்டில் வந்து நின்றது. உருளையிலிருந்து காகிதத்தைக் கிழித்து மேஜையில் விரித்தேன்.

"நெளிஞ்சிருக்குல்லா அந்த நடுவிரலு," என்றார் கணவர், அதன் மேல் குனிந்து. "ரெண்டுலயும் அப்படித்தான். எங்கய்யாவுக்கும் அப்படித்தான்."

பிறகு ஊக்கைக் கழற்றிச் சட்டையை மேலே தள்ளினார். கை முடிகிற இடத்தை, காகிதத்தில் மணிக்கட்டுக் கோடு இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார். சரியாகப் பொருந்தியது. அந்த நிமிஷம் அவருக்கு அங்கே கை இருந்தது.

"எடுங்க," என்றார் மனைவி. "எடுங்கங்கேன்!" கணவரின் தோளைப் பிடித்து இழுத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, பயந்த குரலில் கேட்டார்: "இத இம்புட்டு நாளும் எங்க வச்சிருந்தியம்மா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணவர்தான் சொன்னார்.

"மயக்கம் தெளிஞ்சதும் கேட்டேம்மா, கை எங்கன்னு. நர்ஸு சொல்லல. கம்பவுண்டர் சொல்லல. பொதைச்சாங்களா, எரிச்சாங்களா, ஒண்ணும் தெரியாது. அன்னைக்கு மெஷின்ல வச்சதுதான். பொறவு இன்னைக்குத்தான் பாக்குதேன்."

வெட்டுப்பட்ட கையை ஆஸ்பத்திரியில் பத்திரப்படுத்தி வைத்திருந்து எங்களிடம் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார் அந்த அம்மா. நான் அட்டைக்கட்டை எடுத்துக் காட்டினேன். இதில் எண்கள்தான் இருக்கின்றன, அதுவும் இவருடைய இடது கையின் எண்கள், அந்தக் கையையே யாரும் பார்க்கவில்லை என்று சொன்னேன். அவர் அட்டைக்கட்டைத் தொடவில்லை. ஓரடி பின்னால் போனார்.

"பாக்காமலா நெளிஞ்ச வெரலு வந்துச்சு?"

தலைவர் ஜன்னல் பக்கமாகப் போய் நின்றுகொண்டார். அதுவரைக்கும் அந்தக் கை எனக்கு ஒரு கணக்கு. வரிசை சரியாக வந்ததா, விட்டுப்போன துண்டு உண்டா என்பதற்கு மேல் யோசித்ததில்லை. அன்று டிபன் டப்பாவைத் திறக்காமலே சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

கையைப் பல பக்கங்களிலிருந்து வரைந்து கொடுத்தோம். குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்றும் இடத்துக்கு இடம் படம் போட்டோம். டாக்டரிடம் இருந்த தச்சர் மூன்று மாதத்தில் இழைத்து, தோல் நிறத்தில் பெயிண்ட் அடித்து, தோளோடு வார் வைத்துக் கட்டிவிட்டார். பட்டறை முதலாளி அவருக்கு ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை கொடுத்தார்.

மழைக்காலத்தில் அவர் தனியாக எங்கள் ஆபீஸுக்கு வந்தார். மரக்கை செய்தித்தாளில் சுற்றியிருந்தது. வார் அறுந்துபோயிருந்தது.

"என்ன ஆச்சு? கீழ விழுந்துட்டீங்களா?" என்றேன்.

"விழல. குர்லா ஸ்டேஷன்ல ரயிலு கெளம்பிட்டு. நான் வாசல்ல நிக்கேன், இடது கையால கம்பியப் பிடிச்சிக்கிட்டு. இந்தக் கை வெளிய தொங்குது. ஒரு ஆளு வண்டிக்குப் பக்கத்துல ஓடி வாராரு. என் கையையே பாத்துக்கிட்டு வாராரு. எதுக்குப் பாக்காருன்னு நெனைக்கேன், தோளு பிச்சுக்கிட்டுப் போற மாதிரி இழுத்துச்சு. குனிஞ்சா, கையப் பிடிச்சுத் தொங்குதாரு."

"ஐயோ."

"எனக்குத் தெரியவே இல்லம்மா, அவரு எப்பப் பிடிச்சாருன்னு. ரெண்டு பேரு சேந்து உள்ள இழுத்துப் போட்டாங்க. மூச்சு வாங்கிக்கிட்டே 'ஷுக்ரியா பாய்'ன்னு நன்றி சொல்லி என் கைய அழுத்துனாரு. அப்பந்தான் மரக்கைன்னு பாத்தாரு."

"விட்டுட்டாரா?"

"சூடு பட்ட மாதிரி விட்டாரு. பொறவு சயான் ஸ்டேஷன் வரைக்கும் என்னப் பாக்கவே இல்ல."

தலைவர் கையை வாங்கி, அறுந்த வாரைத் தடவிப் பார்த்தார். எந்த வாரும் ஒரு ஆள் தொங்குவதற்காகத் தைத்ததில்லை. எங்கள் அட்டைகளில் ஒவ்வொரு கணுவுக்கும் எண் இருந்தது. அது எவ்வளவு பாரம் தாங்கும், யாராவது தொட்டால் தெரியுமா என்பதற்கெல்லாம் ஒரு எண்ணும் கிடையாது. அந்த ஆள் மட்டும் தண்டவாளத்துக்குள் போயிருந்தால்?

டாக்டருக்கு போன் செய்து, இரட்டைத் தோலில் வார் போட ஏற்பாடு பண்ணினோம். அவர் கையை மறுபடி செய்தித்தாளில் சுற்றிக்கொண்டார்.

"இனி ரயில்ல இதச் சட்டைக்குள்ள விட்டுக்கிட்டுத்தான் நிக்கணும்," என்றார், படி இறங்குகிறபோது. "நம்பிப் பிடிச்சிருதாங்கம்மா."