புகார் வராத பக்கம்

சந்தாபுரா அபார்ட்மென்ட்டில் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. மறுநாள்தான் கரண்ட் வரும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை ஜெனரேட்டரைப் பக்கத்திலேயே இருந்து ஓட்ட ஆள் வேண்டும் என்று எனக்குப் போன் வந்தது. காலையிலேயே பிரேசர் டவுனிலிருந்து டூல் பேக்கோடு கிளம்பினேன்.

அந்த ஜெனரேட்டர் செட்டை நிறுவியதும் நான்தான். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சைலன்சரும் வெப்பக்காற்று வெளியேறும் வாயும் வீடுகள் இல்லாத பக்கம் பார்த்திருக்க வேண்டும். இங்கே ஏரிப்பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரைப் பார்க்க வைத்தேன். 'கம்ப்ளைன்ட் வராத சைடு' என்போம். ஐந்து வருடமாக ஒரு புகார் கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பதினோரு மணி வாக்கில் தோட்ட வேலை பார்க்கும் லட்சுமி வந்து நின்றார். ஆனேக்கல் பக்கத்துக்காரர்.

"சார், உங்க மிஷின் ஓடுனா குஞ்சுங்க வாயத் தொறக்க மாட்டேங்குது."

"எந்தக் குஞ்சு?"

"நோடி சார், அந்தச் செவுத்து பைப்ல பாருங்க."

காம்பவுண்டுச் சுவரில் பழைய பைப் ஒன்றின் வாய் தெரிந்தது. உள்ளே குண்டுகரிச்சான் குருவியின் கூடு. நான்கு குஞ்சுகள், கண்கூடத் திறக்கவில்லை. தாய் புழுவோடு வந்து விளிம்பில் உட்கார்ந்தது. அலகு அசைந்தது, குரல் எனக்குக் கேட்கவில்லை. குஞ்சுகளுக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. ஒன்றுகூட அசையவில்லை. புழுவோடு திரும்பிப் போனது.

"அது கூப்புட்டாத்தான் இதுங்க வாயத் தொறக்கும். காலையிலேர்ந்து இப்படியே வந்து வந்து போகுது சார். நாளைக்கு வரைக்கும் தாங்காது."

வேலை நடுவில் இதை எப்படித்தான் கவனித்தாரோ! முப்பத்தோரு வருடமாக எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிற என் காதுக்கு இது எட்டவே இல்லை. வெட்கமாக இருந்தது.

லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் தனியாக ஒரு சின்ன செட் கேட் பக்கம் உண்டு. அதை ஓடவிட்டு, பெரியதை நிறுத்தினேன். கேட்டவர்களிடம், "மிஷின் சூடாயிடுச்சு, பத்து நிமிஷம் ஆறணும்" என்று கூசாமல் பொய் சொன்னேன். அரை மணிக்கு ஒரு தடவை இதையே செய்தேன்.

மூன்றாம் தடவை அபார்ட்மென்ட் செக்ரட்டரி கார்த்திகா லேப்டாப்போடு இறங்கி வந்துவிட்டார். வீட்டிலிருந்தே ஐடி வேலை பார்ப்பவர்.

"பாஸ்கர் அண்ணா, எனக்கு ஆபீஸ் கால் போயிட்டிருக்கு! அஞ்சு வருஷமா சூடாகாத மிஷின் இன்னைக்கு மட்டும் ஏன் சூடாகுது?"

லட்சுமிதான் பட்டென்று உடைத்தார். "மிஷின் நல்லாத்தான் இருக்கு மேடம். குருவிக்காக நிறுத்தறாரு."

"என்னது?"

"ஒரு நிமிஷம் சத்தம் போடாம நில்லுங்க மேடம்."

நின்றார். தாய் வந்தது. மெல்லிசாக ஒரு சீழ்க்கை. நான்கு கழுத்தும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து, நான்கு வாயும் மஞ்சளாகத் திறந்தன. ஊட்டிவிட்டுப் போய், அடுத்த புழுவோடு உடனே வந்தது. அந்தப் பத்து நிமிடத்துக்குள் எத்தனை நடை! என் சர்வீஸில் இப்படி ஒரு வேலைக்காரரைப் பார்த்ததில்லை.

கார்த்திகா போனை எடுத்தார். வீட்டுக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் தட்டினார்: 'நாளை வரை ஜெனரேட்டர் அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் நிற்கும். நான்தான் சொன்னேன். யாரும் பாஸ்கர் அண்ணாவைக் கேட்க வேண்டாம்.'

மறுநாள் சாயங்காலம் கரண்ட் வந்தது. நான்கும் பிழைத்தன. இரண்டு வாரம் கழித்து, வெப்பக்காற்று வாய்க்குச் சத்தத் தடுப்பு மாட்டப் போனேன். பைப் காலியாக இருந்தது. லட்சுமி கைகாட்டிய மரத்தில் வால் வளராத குஞ்சு ஒன்று தத்திக்கொண்டிருந்தது.

இப்போதும் புது சைட்டுக்குப் போனால் எஞ்சினியர் பையன்கள், "சார், இந்தப் பக்கம் கம்ப்ளைன்ட் வராது" என்று கைகாட்டுகிறார்கள். முதலில் அந்த இடத்தின் தோட்டக்காரரைக் கூப்பிடுங்கள் என்கிறேன். அந்தப் பக்கம் கூடு எதுவும் இல்லை என்று அவர் வந்து சொல்லும்வரை போல்ட்டை முடுக்குவதில்லை.