பீரங்கி சதுரங்கம் ஆடுகிறார்

என் வீட்டுக்காரர் குடிநீர் வாரியத்தில் முப்பத்து நான்கு வருஷம் குழாய் பதித்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவர் பார்க்கும் ஒரே உத்தியோகம், கூடப் படித்தவர்களில் யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது. சம்பளம் கிடையாது. வாரியத்தில் இருந்த காலத்தில்கூட மனுஷர் இவ்வளவு நேரம் தவறாமல் மேஜை முன்னால் உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை.

இவர்கள் படித்த பல்கலைக்கழகம் வருஷத்துக்கு இரண்டு முறை பழைய மாணவர்களுக்கு ஒரு மடல் அச்சடித்து அனுப்புகிறது. அதன் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு வருஷத்து மாணவர்களுக்கும் ஒரு பத்தி. சின்ன வயசுக்காரர்கள் பத்தியில் கல்யாணம், குழந்தை, பதவி உயர்வு. நடுவயசுக்காரர்கள் பத்தியில் பிள்ளைகளின் கல்யாணம். இவருடைய பத்தி கிட்டத்தட்ட கடைசியில் வரும். இதற்குப் பின்னால் இன்னும் மூன்றே பத்திகள்தான் இருக்கின்றன, அதைப் பார்க்கும்போதெல்லாம் இவருக்கு ஒரு பெருமை.

பத்திக்கு இவர் வைத்த சட்டம் இரண்டு. எல்லாரும் விடுதியில் கூப்பிட்ட பட்டப்பெயரில்தான் வர வேண்டும். உடம்புக்கு வந்தது எதுவும் வரக் கூடாது.

"முட்டி மாத்தினதெல்லாம் ஒரு செய்தியா? அப்புறம் பத்தி முழுக்க ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருக்கும்" என்பார்.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் செருப்புப் பெட்டியைத் திறப்பார். அதற்குள் ஆளுக்கு ஓர் அட்டை. மொத்தம் நாற்பத்தொன்று. அதில் இருபத்திரண்டு பேர் காலமாகி ரப்பர் வளையத்துக்குள் போய்விட்டார்கள். மிச்சமுள்ள பத்தொன்பது பேரில் சிலருக்குக் காது கேட்காது, ஒருவருக்கு இவர் யாரென்றே தெரியாது. மற்றவர்கள் அரைமணி நேரம் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீர்ப் பை என்று அளப்பார்கள். இவர் பேனாவை மூடியபடியே 'ம்' கொட்டுவார். கடைசியில் பேத்தி சைக்கிள் கற்றுக்கொண்டாள் என்று சொன்னால் போதும், பேனா மூடி பட்டென்று திறக்கும்.

ஐந்து பேருடைய செய்தியாவது இல்லாவிட்டால் அந்த வருஷத்துக்குத் தனிப் பத்தி கிடையாது, 'மூத்த மாணவர்கள்' என்ற பொதுப் பத்தியில் சேர்த்துவிடுவார்கள் என்பது மடல்காரர்கள் வைத்த சட்டம். இவருக்கு அது சொந்த வீட்டைக் காலி செய்து சத்திரத்தில் போய்ப் படுப்பது போல. போன முறை கெடு நாள் வரை தேறியது நான்கே செய்தி. ஐந்தாவதாக இவர் எதிர்பார்த்தது பீரங்கியை.

பீரங்கி, இவரோடு ஒரே அறையில் நாலு வருஷம் படுத்து எழுந்தவர். பாலம் கட்டும் பொறியாளர். ஆற்றின் இக்கரையில் நின்று அக்கரையில் இருக்கும் மேஸ்திரியைத் திட்டக்கூடிய தொண்டை. அவர் பேசினால் இவர் ஃபோனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொள்வார். சமையலறையில் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்கும். அப்படிப்பட்டவரின் வீட்டு ஃபோன் ஆறு மாதமாக மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கைப்பேசி அணைந்து கிடந்தது. ஊரோ ஒரு முழு நாள் ரயில் பயணம்.

"பீரங்கி எடுத்தாரா?" என்று கெடு நாளன்று கேட்டேன்.

"ம்" என்றார். நானும் நம்பிவிட்டேன். முகத்தைப் பார்த்திருந்தால் அப்போதே குட்டு உடைந்திருக்கும். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் தப்பித்தார்.

மடல் வந்தது. ஐந்து செய்தியோடு பத்தி ஜம்மென்று நின்றது. கடைசி வரி இப்படி: 'நண்பர் பீரங்கி நலம். தினமும் மாலையில் வீட்டருகே உள்ள பூங்காவில் சதுரங்கம் ஆடுகிறார். அந்த வட்டாரத்தில் அவரை ஜெயிக்க ஆளில்லை.' எனக்கு ஒரே ஆச்சரியம். ஓர் இடத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தறியாத மனிதர் சதுரங்கமா!

மூன்று வாரம் கழித்து, பத்திக்குக் கீழே போட்டிருந்த எங்கள் விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பீரங்கியின் மகள் எழுதியிருந்தாள். 'அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். உங்களிடம் பேச வேண்டும். தயவுசெய்து இந்த எண்ணில் கூப்பிடுங்கள்.' அவ்வளவுதான். இவர் அதைப் படித்துவிட்டு நாற்காலியைக்கூட இழுக்காமல் கட்டில் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அவன் எடுக்கவேயில்ல. நானா எழுதினேன்" என்றார்.

"நீங்களாவா?"

"அஞ்சு வரலன்னா பத்தி போயிடும். அதான். அவன் போயிருந்தா என்ன பண்றது?"

கோபம் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. "போயிருந்தா? அப்பனை அடக்கம் பண்ணிட்டு வந்த பொண்ணு, அவர் பார்க்ல உக்காந்து காய் நகர்த்துறார்னு படிச்சா எப்படி இருக்கும்? கயிறு திரிக்கிறதுக்கு உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலையா?"

சொல்லியிருக்க வேண்டாம். அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்.

நாலு நாள் வீடு வீடாக இல்லை. தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. படுத்தால் புரண்டுகொண்டே இருந்தார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்த எண்ணை அழுத்துவார், கடைசி எண்ணுக்கு வரும்போது வைத்துவிடுவார். பீரங்கியின் அட்டையை எடுத்து மேஜையில் வைப்பார். ரப்பர் வளையத்தைத் தொடுவார். பிறகு அட்டையைப் பழையபடி இருப்பவர்களோடு செருகிவிடுவார். கேட்காத வரைக்கும் நண்பன் உயிரோடு இருக்கிறான், கேட்டுவிட்டால் ஒருவேளை இல்லை. அவர் பயம் அதுதான், பாவம். அதைப் பார்க்கப் பார்க்க என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

ஐந்தாம் நாள், ஞாயிறு காலை பத்தரை மணிக்கு நானே எண்ணை அழுத்தினேன். இரண்டு பேருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி, ஃபோனை மேஜை நடுவில் வைத்துவிட்டு, இவர் எழுந்து போகாதபடி தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"அங்கிள்! எத்தனை நாளா உங்க ஃபோனுக்காகக் காத்திட்டிருக்கேன்!" என்றாள் மகள்.

இவர் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு. "அப்பா இருக்காராம்மா?"

"இருக்கார் அங்கிள். இதோ முன் ரூம்ல. தோத்துக்கிட்டு இருக்கார்."

என் வயிற்றில் பாலை வார்த்தாள் மகராசி. இவர் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "என்னம்மா சொல்ற? என்னம்மா சொல்ற?" என்று அதையே நாலு தடவை கேட்டார்.

அவள் சொன்னது இதுதான். எட்டு மாதத்துக்கு முன்னால் பீரங்கிக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை. கட்டியை எடுத்துவிட்டார்கள், இனி பயமில்லை. குரல்தான் போய்விட்டது. பயிற்சி செய்தால் கொஞ்சம் திரும்பும் என்று மருத்துவர் சொல்லியும் பீரங்கி வாயே திறக்கவில்லை. தான் ஊமையாகிவிட்டது நண்பர்களுக்குத் தெரியக் கூடாது என மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, வீட்டு ஃபோனின் வயரைப் பிடுங்கிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். அவள் பல் மருத்துவர். காலையில் போனால் மாலையில்தான் வருவாள்.

"மடல் வந்த அன்னிக்கு அவர் முன்னாடி வெச்சேன். படிச்சார். தோள் குலுங்குச்சு. அழறார்னு பயந்துட்டேன் அங்கிள். சிரிக்கிறார்! எட்டு மாசத்துல முதல் தடவை."

அதோடு முடியவில்லை. அந்த வட்டாரத்திலேயே இவர்களுக்கு இரண்டு வருஷம் இளையவர் ஒருவர் இருந்திருக்கிறார். ஒரே விடுதி. பக்கத்துத் தெருவில் இருந்தும், சீனியர் என்ற பயம் எழுபத்தைந்து வயசிலும் விடாமல், பீரங்கி வீட்டுப் படியேறியதில்லை. சதுரங்கம் என்றால் உயிர். மடலைப் படித்துவிட்டு மூன்று மாலை பூங்காவில் தேடிப் பார்த்தவர், நாலாவது நாள் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டிவிட்டார். குதிரை எப்படிப் போகும் என்றுகூட பீரங்கிக்குத் தெரியவில்லை. வந்தவர் அதைப் பணிவு என்று நினைத்து இரண்டு ஆட்டம் பயந்து பயந்து ஆடினாராம். இப்போது தினமும் வருகிறார்.

"தப்பா காய் வெச்சா அப்பா அவரைத் திட்டணும்ல? அதுக்காகவே குரல் பயிற்சி பண்றார். உங்களுக்கு நன்றி சொல்லத்தான் எழுதினேன் அங்கிள். பேஷன்ட் காத்திருந்தாங்க, ரெண்டு வரியில முடிச்சிட்டேன். இருங்க, குடுக்கறேன்."

ஃபோன் கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு வெறும் மூச்சு. இரண்டு பேரும் மேஜைமேல் குனிந்தோம். ஆற்றைத் தாண்டிய அந்தக் குரல், காகிதத்தைக் கிழிப்பது போல மெலிதாக வந்தது.

"டேய். நான் போயிட்டேன்னு நெனச்சியா?"

"நெனச்சேன்டா."

"அப்புறம் ஏன்டா ஆடறேன்னு எழுதின?"

ஐந்து செய்தி, பத்தி, கெடு நாள் என்று என்னிடம் சொன்னதையே சொல்வார் என்று நினைத்தேன்.

"எழுதிட்டா நீ இருப்பேன்னு தோணுச்சுடா" என்றார்.

அந்தப் பக்கம் கரகரவென்று ஒரு சத்தம். சிரிப்பா, அழுகையா, இருமலா என்று எங்களுக்குத் தெரியவில்லை. இவர் கண்ணைத் துடைக்கக்கூட மறந்து, "சரி சரி, தொண்டையைப் போட்டு வருத்தாத. நீ கேளு, நான் பேசறேன்" என்றார். முக்கால் மணி நேரம் பேசினார். பத்தொன்பது அட்டைச் செய்தியையும், அச்சில் வராத முட்டி, சர்க்கரை உட்பட, ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். சந்தோஷத்தில்தான்.

திரும்பி வந்தபோது ஃபோன் வைக்கப்பட்டிருந்தது. இவர் மேஜைமேல் கையை மடித்து, அதில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நாலு நாள் தூக்கம். மதியம் சாப்பிடக்கூட நான் எழுப்பவில்லை.