பிரேமா டீச்சர் ஏற்றிய மீன்கொடி

காசிமேட்டில் ஏலம் முடிந்து கூடையில் மீன் அடுக்கிக்கொண்டிருந்தபோது பேத்தி சந்தியா போன் செய்தாள். "ஆயா, சென்செய் போயிட்டாங்க" என்றாள். சென்செய் என்றால் ஜப்பான் மொழியில் ஆசிரியர். எங்கள் குப்பத்துப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்களுக்கு அவர் பிரேமா டீச்சர். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். அன்றைக்கு வியாபாரம் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

டீச்சரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் திருவொற்றியூர்க்காரர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தபோது, இயந்திரம் பூட்ட வந்த ஜப்பான்காரர்களோடு பேசிப் பேசியே டீச்சர் அந்தப் பாஷையைப் பிடித்தார். பிறகு முறையாகப் பரீட்சையும் எழுதினார். ஓய்வு பெற்றதும் எங்கள் குப்பத்தை ஒட்டி ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்து, ஞாயிறுதோறும் மொட்டை மாடியில் பந்தல் போட்டுப் பிள்ளைகளைச் சேர்த்தார்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். பாடம் என்றால் கரும்பலகையும் பிரம்பும்தான் தெரியும். அங்கே இரண்டும் இல்லை, ஜப்பான் பண்டிகைகள்தான் பாடம். மார்ச் மாதம் காகிதப் பொம்மை மடித்து, நம் கொலு மாதிரி படியில் அடுக்குவார்கள். ஜூலையில் மூங்கில் கிளையில் வேண்டுதல் சீட்டு கட்டுவார்கள். கத்தரிக்கோல் வேண்டுமென்றால் ஜப்பான் மொழியில் கேட்டால்தான் கைக்கு வரும். "பண்டிகை கொண்டாடாத பாஷை நாக்குல ஒட்டாதுக்கா" என்பார் என்னிடம்.

மே மாதம் ஜப்பானில் பிள்ளைகளுக்கென்று ஒரு பண்டிகை. துணியில் மீன் தைத்து உயரத்தில் பறக்கவிடுவார்கள். வாய் வழியே காற்று புகுந்தால் மீன் நீந்தும். எல்லாவற்றிலும் பெரியது அப்பா மீன், கறுப்பு. முதல் வருடம் அப்படியே தைத்து, விடியற்காலையில் மாடியில் சவுக்குக் கம்பு நட்டு ஏற்றிவிட்டார்கள்.

எங்கள் கரையில் கம்பத்தில் கறுப்புத் துணி ஏறினால், கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்று அர்த்தம். அது மீன்பிடித் தடைக்காலம். பெரிய போட்டுகள் கரையில் கிடந்தன, ஃபைபர் படகுகள் மட்டும் போயிருந்தன. அவற்றில் ஒன்றில் தெருமுனை அஞ்சலையின் புருஷன் இருந்தான். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். குடத்தைப் போட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு கரைக்கு ஓடினாள். தெருவே அவள் பின்னால் ஓடியது. அவன் படகு கரை ஏறியதைப் பார்த்த பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

மூச்சு வந்ததும் கோபமும் வந்தது. "இன்னா டீச்சரு, எந்த வூட்டு எழவுக்கு இந்தக் கொடி?" என்று மாடிப்படியில் நின்று கேட்டார்கள். சாயங்காலம் ஊர்க்கூட்டம் கூடி, இனி நம் பிள்ளைகள் அந்த மாடி ஏறக் கூடாது என்று பேசி முடித்தார்கள். சந்தியா சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மறுநாள் டீச்சர் தனியாகக் குப்பத்துக்குள் வந்து, நேராக அஞ்சலை வீட்டு வாசலில் உட்கார்ந்தார். ஜப்பானில் அப்படித்தான் வழக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நானும் இந்தக் கடலப் பாத்து வளந்தவதான் அஞ்சல. எனக்குத் தோணியிருக்கணும். தப்பு என்னுது" என்றார்.

அஞ்சலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பாமலே, "அந்தக் கறுப்பு மீனு யாரு?" என்று கேட்டாள்.

"அப்பா."

அவள் எழுந்து போய், கொடியில் காய்ந்த புருஷனின் நீலக் கட்டம் போட்ட லுங்கியை உருவி டீச்சர் மடியில் போட்டாள். "அப்பன்னா இதுல தைங்க. இத்தப் பாத்து ஒருத்தியும் அழுவமாட்டா."

"ஏய், அது நல்ல லுங்கிடி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நீ கட்டிக்கினு கிழிக்கறதுக்கு அது மேல பறக்கட்டும்."

டீச்சர் சிரித்தார். அப்புறம்தான் கண் துடைத்தார். அஞ்சலையே மனசு மாறிவிட்டபோது கூட்டம் என்ன செய்யும்? அடுத்த ஞாயிறு ஆளாளுக்கு ஒரு லுங்கி கொடுத்தார்கள். வேலையில்லாமல் இருந்த அப்பன்மார்கள் மாடி ஏறிப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தார்கள். அந்தக் கட்டம் போட்ட மீன்களைப் பார்க்க, டீச்சரோடு முன்பு வேலை செய்த ஒரு ஜப்பான்காரர் வந்தார். ஏதோ கேட்டார். என் சந்தியா கூச்சமில்லாமல் பதில் சொன்னாள். எனக்குப் பேச்சு புரியவில்லை. அந்தப் பெரிய மனிதர் அவளுக்குத் தலை குனிந்து வணங்கியது புரிந்தது.

இன்று அவள் ஒரு கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர். மீன் விற்கிற வீட்டுப் பெண் ஜப்பான்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பேசுகிறாள் என்றால், அது டீச்சர் போட்ட விதை.

டீச்சரின் காரியம் முடிந்த பிறகு வீட்டின் சொந்தக்காரர் மாடியைத் திரும்பக் கேட்டார். வகுப்பு அவ்வளவுதான் என்று நினைத்தோம். அதே ஊர்க்கூட்டம் கூடியது. யாரும் வாதாடவில்லை. ஊர்ப் பொதுக்கூடத்துச் சாவியைத் தலைவர் சந்தியா கையில் கொடுத்தார். ஞாயிறு மட்டும் அவள் சொல்லித்தருவதாக ஏற்றுக்கொண்டாள்.

போன ஞாயிறு ஜப்பான்காரர்களின் நிலாப் பண்டிகைக்கு அரிசி மாவு உருட்ட என்னையும் கூப்பிட்டார்கள். கூடத்து வாசல் மணலில் குட்டிக் குட்டிச் செருப்புகள், எல்லாம் வெளியே பார்த்த மாதிரி வரிசையாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. ஜப்பானில் வீட்டுக்குள் போகிறவர்கள் அப்படித்தான் வைப்பார்களாம். நானும் என் செருப்பைக் கழற்றி, குனிந்து, திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

நிம்மதியாகப் போய் வாருங்கள், டீச்சர். வகுப்பு நடக்கிறது.