முட்டை வண்டிக்கு ஸ்பிரிங் வைப்பவர்

“குந்துங்க” என்பதுதான் பூவரசன் வாயிலிருந்து வரும் முதல் சொல். வண்டிக்கு என்ன கோளாறு என்று பிறகுதான் கேட்பார். வந்தவர் தன் பைக்கில் ஏறி உட்கார்ந்ததும், பின் சக்கரத்தின் அச்சிலிருந்து சீட்டின் விளிம்பு வரை ஒரு சணல் கயிற்றைப் பிடித்து அளப்பார். இறங்கச் சொல்லி மறுபடி அளப்பார். உட்கார்ந்தபோது வண்டி இரண்டு விரற்கடைக்கு மேல் தாழ்ந்திருந்தால் முகம் சுளிப்பார். தாழவே இல்லையென்றால் இன்னும் அதிகமாகச் சுளிப்பார்.

ஜமுனாமரத்தூர் பேருந்து நிலையத்தைத் தாண்டி, உரக்கடைக்குப் பக்கத்தில் அவருடைய தகரக் கொட்டகை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பிரேக், கிளட்ச் எல்லாம் பார்ப்பார், ஆனால் வேண்டா வெறுப்பாக. மனசெல்லாம் ஷாக்கப்சரில்தான். “இன்ஜின் வண்டிய இழுக்கும், அவ்ளோதான். மேல குந்தியிருக்கற ஆள காப்பாத்தறது இதுதாங்க” என்பார். தார் ரோடு முடிந்து கல்லும் ஓடையுமாகக் கிடக்கும் மலைப் பாதையில் போகிறவர்கள் இதை மறுத்துப் பேசியதில்லை.

ஸ்பிரிங்கின் அடியில் இருக்கும் வளையத்தை ஸ்பேனரால் திருப்பினால் ஐந்து படிகள். ஏற ஏற ஸ்பிரிங் விறைக்கும், இறங்கினால் இளகும். வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்பார்கள்: “நல்லா டைட்டா வெச்சுடுண்ணா.” அதைக் கேட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். பாதையில் என்ன ஏற்றுவார்களோ அத்தனையும் கடைக்கு வந்தாக வேண்டும் என்பது அவர் சட்டம். புளி ஏற்றிப் போகும் மாதையன் இரண்டு மூட்டையோடு வந்தார். ஆடு ஏற்றிப் போகும் ஒருவர், ஆட்டை மடியில் வைத்தபடி அரை மணி நேரம் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த ஆடு செய்த அசிங்கத்தையும் பூவரசன்தான் கழுவினார்.

மலைப் பேருந்தில் ஏறினால், மற்றவர்கள் தவிர்க்கும் பின் சக்கரத்து மேல் சீட்டைத் தேடிப் போய் உட்காருவார். அடிவாரம் வருவதற்குள் எந்தப் பக்கத்து ஸ்பிரிங் பட்டை ஒடிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். டிரைவர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது.

இப்படிப்பட்டவரைத்தான் ஒரு முட்டைப் பெட்டி மூன்று வாரம் தூங்கவிடாமல் அடித்தது.

கல்பனா, ஓடைக்கு அப்பாலுள்ள சிற்றூர்ப் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். முட்டை வண்டி தார் ரோடு வரைதான் வரும். அங்கிருந்து திங்கள்தோறும் இருபத்தொன்பது பிள்ளைகளுக்கு, ஐந்து நாளுக்கு, நூற்று நாற்பத்தைந்து முட்டைகளை வைக்கோல் அடைத்த பெட்டியில் போட்டு, பைக்கின் பின் கேரியரில் கட்டிக்கொண்டு போகிறார். வழியில் உடைந்ததன் குறை வெள்ளிக்கிழமைதான் பிள்ளைகள் தட்டில் தெரியும். பதினொன்று உடைந்தால், வரிசையில் கடைசிப் பதினொரு பிள்ளைகளுக்கு வெறும் சோறு. வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் பிள்ளைகள் முண்டியடிப்பது அதனால்தான்.

கடைக்கு வந்த கல்பனாவைப் பூவரசன் வழக்கப்படி பெட்டியோடு உட்காரவைத்து அளந்தார்.

“பின்னாடி யார் குந்துவாங்க?”

“யாரும் இல்லண்ணா. ஒண்டியாதான் போறேன்.”

இரண்டாம் படியில் வைத்தார். பதினொன்று உடைந்தது. மறுவாரம் திரும்பவும் அளந்தார், திரும்பவும் கேட்டார், அதே பதில். ஒன்பது உடைந்தது. பூவரசனுக்கு அது அவமானமாக இருந்தது. தன் கயிற்றையே சந்தேகப்பட்டு வேறு கயிறு வாங்கினார்.

மூன்றாம் திங்கள் கடையைச் சாத்திவிட்டுத் தன் பைக்கில் கல்பனாவின் பின்னாலேயே போனார். தார் ரோடு முடிந்து இரண்டாவது வளைவில் கல்பனாவின் வண்டி நின்றது. ஓரமாக நின்றிருந்த கனத்த பெண்மணி ஒருவர், வணக்கமோ கேள்வியோ இல்லாமல், சாமை மூட்டையோடு பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஸ்பிரிங் முழுக்க அமுங்கியது.

பூவரசன் குறுக்கே போய் வண்டியை நிறுத்தினார்.

“யாரும் குந்தறதில்லன்னு சொன்னியே?”

கல்பனா விழித்தார். “யாரும் குந்தலையேண்ணா. இவங்க முத்தம்மா.”

மலையில் போகிற வண்டியில் வழியில் நிற்கிறவரை ஏற்றுவது ஆள் ஏற்றுவதில் சேராது. கல்பனா பொய் சொல்லவில்லை. இதே மலையில் பிறந்த பூவரசனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆட்டையெல்லாம் அளந்தவர் இதைக் கேட்க மறந்துவிட்டார்.

“இனிமே ஏத்தாத” என்றார்.

“அது எப்படிண்ணா? முட்டி வலியோட ஓடையத் தாண்டி நடக்கணும். பாத்துட்டு வுட்டுட்டுப் போவ சொல்றியா?”

முத்தம்மா இறங்கவில்லை. இறங்கும் எண்ணமும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

பூவரசன் அங்கேயே உட்கார்ந்து அளந்து நான்காம் படிக்கு ஏற்றினார். ஓடைப் பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது, அடி விழும் சத்தம் கேட்கவில்லை. அக்கரையில் தன் கொல்லை வந்ததும் முத்தம்மா இறங்கிக்கொண்டார். இனி கல்பனா மட்டும். விறைத்த ஸ்பிரிங்கில் பெட்டி குதிக்கும். மறுபடி இரண்டுக்கு இறக்கினார்.

“வாரா வாரம் இதுக்கு ஓடியாருவியாண்ணா?”

“நீ கத்துக்க. இல்லன்னா அவங்க கத்துக்கட்டும். பாரம் அவங்களுதுதான?”

முத்தம்மா ஸ்பேனரை வாங்கி ஏந்திப் பார்த்தார். “களைக்கொத்து இதவிட கனம்” என்று இடுப்பில் செருகிக்கொண்டார். பூவரசனிடம் பையில் இன்னொன்று இருந்தது.

பள்ளி வாசலில் கல்பனா வைக்கோலை விலக்கி ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். பிள்ளைகள் சுற்றி நின்று அவரோடு சேர்ந்து எண்ணினார்கள்.

“நூத்தி நாப்பத்தி நாலுண்ணா. ஒண்ணே ஒண்ணுதான் போச்சி.” கல்பனாவின் முகம் மலர்ந்துவிட்டது.

பூவரசன் சிரிக்கவில்லை.

“அந்த ஒண்ணு யாரு?”

“இன்னா?”

“வெள்ளிக்கிழம. யாருக்கு இல்ல?”

கல்பனா பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்தார். “தமிழரசிக்குத்தான் இருக்கும். அவ எப்பவும் மெதுவாதான் வருவா.”

பூவரசன் அந்தக் கூட்டத்தில் தமிழரசி யார் என்று கேட்கவில்லை. பையிலிருந்த சாக்கைத் தரையில் விரித்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, கல்பனாவின் வண்டியடியில் படுத்தார்.