அம்மாவின் நான்கு மாதம்

"முதலாளியா இருந்தவரு நீங்க. இங்க வந்து ஒருத்தர் கீழ உக்காந்து வேலை பாப்பீங்களா அண்ணா?"

கேட்டவளுக்கு இருபத்து நான்கு வயது இருந்தால் அதிகம். தெற்கு ஜகார்த்தாவில், லிஃப்டில் ஏறும்போதே காது அடைத்துப்போகும் உயரத்தில் இருந்தது அவளுடைய கம்பெனி. மேசைக்கு இந்தப் பக்கம், இருந்த ஒரே நல்ல சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு நஸ்ருல் உட்கார்ந்திருந்தான்.

"பாப்பேன். என்ன வேலைன்னாலும் பாப்பேன்," என்றான். சொன்ன பிறகுதான், கொஞ்சம் அதிகமாகவே இறங்கிவிட்டோமோ என்று தோன்றியது.

"விளம்பரத்துல இருபத்தேழு வயசுக்கு மேல வேணாம்னு போட்டிருந்தோம். உங்களுக்கு இருபத்தொம்போது."

"ரெண்டு வயசுதாங்க கூட."

"எனக்குப் பரவால்ல. கம்ப்யூட்டர் ஒத்துக்கணுமே," என்று சிரித்தாள். பிறகு அவன் முகம் போன போக்கைப் பார்த்து இரக்கப்பட்டாளோ என்னவோ, "நான் மேல பேசிப் பாக்கறேன். அநேகமா திங்கக்கிழமை சேர வேண்டியிருக்கும்," என்றாள்.

அந்த 'அநேகமா'வைப் பிடித்துக்கொண்டுதான் அவன் கீழே இறங்கினான். தெருவுக்கு வருவதற்குள் அந்தச் சொல் எங்கோ விழுந்துவிட்டது. திங்கட்கிழமை மட்டும் மனதில் நின்றது.

அன்று சாயங்காலம் ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"என்னடா, மாமாவுக்குக் குடுக்க வேண்டியதை ஏற்பாடு பண்ணிட்டியா? வெங்காயமெல்லாம் உலர்த்தி வெச்சிட்டேன். மூட்டை கட்டட்டுமா, வேணாமா?"

"பண்ணிட்டேம்மா. நீ கட்டு."

வேலைக்குச் சேரும் கடிதம் வந்ததும் அதைக் காட்டிக் கூட்டுறவு வங்கியில் கடன் வாங்கி மாமாவிடம் கொடுத்துவிடலாம் என்பது அவன் கணக்கு. நாளைக்கு உண்மையாகிவிடப்போகிற ஒன்றை இன்றைக்கே சொன்னால் அது பொய்யாகுமா? ஆகும். அவனுக்கும் அது தெரியும்.

எதற்குக் கொடுக்க வேண்டிய பணம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நஸ்ருலின் ஊரான தெகாலிலிருந்து வந்தவர்கள் ஜகார்த்தாவில் நடத்தும் சோற்றுக்கடைக்கு வார்தெக் என்று பெயர். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகக் குழம்பும் வதக்கலும், முன்னால் ஒரு நீள பெஞ்சு. கொத்தனாரும் பைக் ஓட்டுகிறவனும் பசியாறுவது அங்கேதான். கடை ஒன்று, குடும்பம் இரண்டு. நான்கு மாதம் ஒரு குடும்பம் கடையில் வேகும், இன்னொன்று ஊரில் வயலைப் பார்க்கும். பிறகு மாறிக்கொள்ளும். நஸ்ருலின் அம்மா ரஸ்தினியும் அவள் தம்பி தர்ஜுகியும் இப்படித்தான் ஒரே கடையை முறை வைத்து நடத்திவந்தார்கள். புருஷன் செத்த பிறகு ரஸ்தினிக்கு அந்த முறைதான் சொத்து. அந்த நான்கு மாதச் சம்பாத்தியத்தை வைத்துத்தான் அடுத்த முறை வரும்வரை அடுப்பு எரியும். நஸ்ருல் கல்லூரி வாசலை மிதித்ததும் அதில்தான்.

படித்தவன் சும்மா இருப்பானா? வார்தெக்குகளுக்கு ஒரு செயலி செய்தான். கடைக்கு ஒரு டேப்லெட். சாப்பிட்டவன் போனைக் காட்டினால் காசு கடைக்காரர் கணக்கில் விழும். அந்த வரவைக் காட்டினால், வங்கிப் பக்கமே தலைவைத்துப் படுக்காத கடைக்காரிக்கும் கடன் கிடைக்கும். யோசனையைக் குறை சொல்ல முடியாது. பணம் போட ஒருவர் வந்தார். குளுகுளு காப்பிக் கடையில் உட்கார்ந்து, "தம்பி, ஒரு கடை, ஒரு ஓனர், ஒரு கணக்கு. சிம்பிளா வெச்சுக்க. ரெண்டு ஓனர், முறை, அது இதுன்னா எவன் பணம் போடுவான்?" என்றார்.

வேறு எவனாவது அதற்குத் தலையாட்டியிருந்தால் விட்டுவிடலாம். இவன் வார்தெக்கின் பரணில் படுத்து வளர்ந்தவன். அம்மா போய் அத்தை வருவதையும், அத்தை போய் அம்மா வருவதையும் வைத்தே மாதத்தை எண்ணத் தெரிந்துகொண்டவன். அவன் தலையாட்டினான். 'எங்க ஊர்ல அப்படி இல்லீங்க' என்று சொல்ல வெட்கம். பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டான்.

கடைகள் கைமாறின. கணக்கு மாறவில்லை. ஒரு குடும்பத்தில் தங்கை புகையில் வெந்து சோறு விற்க, காசு ஊரில் இருந்த அக்காளின் கணக்கில் போய் விழுந்தது. அக்காள் அதை விதைவெங்காயத்துக்குச் செலவழித்துவிட்டு, "எனக்கென்ன தெரியும், மெஷின் குடுத்துச்சு" என்றாள். இன்னொன்றில் அண்ணன் தம்பி பேச்சு நின்றது. கல்யாணப் பேச்சு ஒன்று முறிந்தது. நஸ்ருல் கடை கடையாகப் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். ஒரு கடையில் டேப்லெட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் தெம்பே என்கிற சோயாக்கட்டியை நறுக்கிக்கொண்டிருந்தாள் ஒருத்தி.

"இதுக்காச்சும் ஆவுதேன்னுதான் தம்பி வெச்சிருக்கேன்," என்றாள்.

பணம் போட்டவர் கையை விரித்துவிட்டார். கோபம்கூடப் படவில்லை. "பத்துல எட்டு இப்படித்தான் போவும். அடுத்தது ஏதாச்சும் ஆரம்பிச்சா கூப்பிடு," என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அவருக்கு அது தொழில். ஆனால் வேலை பார்த்த பிள்ளைகளுக்குச் சம்பள பாக்கி நின்றது. நோன்புப் பெருநாள் வேறு வந்தது. போனஸ் இல்லாமல் ஒருவனை எந்த முகத்தோடு ஊருக்கு அனுப்புவது?

அப்போதுதான் அம்மா குறுக்கே வந்தாள். தம்பியிடம் போய், "என் பங்கை வெச்சுக்கிட்டு இவனுக்குப் பணம் குடு" என்றாள். தர்ஜுகி கெட்டவன் இல்லை. மாட்டை விற்றான், மாமனார் வீட்டில் கைமாற்று வாங்கினான், கொடுத்தான். பேச்சு ஒன்றுதான். அடுத்து கடை கைமாறும் வெள்ளிக்கிழமைக்குள் பணம் திரும்பினால் ரஸ்தினியின் முறை ரஸ்தினிக்கே. திரும்பாவிட்டால் அவள் பங்கு தம்பிக்குப் போய்விடும், இனி எப்போதைக்கும்.

சம்பளமும் போனஸும் கொடுத்தது போக மிச்சம் இருந்தது. அதை அப்படியே வைத்திருந்தால் பாதிக் கடனாவது அடைந்திருக்கும். ஆனால் முழுதாக அடைக்க வேண்டும் என்ற வெறி. போனில் வாங்கி விற்கும் டிஜிட்டல் காசில் போட்டான். முதலில் ஏறியது. அப்போதே எடுத்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று காத்தான். அது இறங்க ஆரம்பித்தது. தொழுகைக்கு நிற்கும்போதுகூடப் பையில் போன் சுட்டது. சலாம் கொடுத்துத் தொழுகை முடித்த கையோடு எடுத்துப் பார்ப்பான், இன்னும் இறங்கியிருக்கும். கடைசியில் மிஞ்சியது வாடகைக்குக்கூடக் காணாது. அறைக்காரர் பூட்டு மாற்றப்போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

முதலீட்டைப் பற்றி மேடையேறிப் பேசியவன் அவன். 'இழந்தாலும் பரவாயில்லைங்கற பணத்தை மட்டும் போடுங்க' என்று கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறான். அம்மாவிடம் அப்படிப்பட்ட பணம் எப்போது இருந்தது? பணம் போட்டவர் எட்டு போனாலும் ஒன்பதாவதில் எடுத்துவிடுவார். அம்மாவுக்கு ஒன்பதாவது ஏது? இருந்தது ஒன்று. அதைத் தூக்கி மகன்மேல் வைத்துவிட்டாள்.

வேலை தேடி அவன் அனுப்பிய விண்ணப்பங்கள் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. மனுஷன் யாராவது வாசித்துப் பார்த்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது என்று அவனுக்குத் தெரியும். படிப்பு முடித்த புதிதில், விண்ணப்பங்களை வடிகட்டும் மெஷின் ஒன்றைச் செய்த கூட்டத்தில் அவனும் இருந்தான். "வயசை முதல் கட்டத்துல வெச்சுட்டா பாதிக் குப்பை அங்கேயே போயிடும்" என்று யோசனை சொன்னதே அவன்தான். அன்றைக்கு அவனுக்கு வயது இருபத்திரண்டு. முப்பது என்பது மற்றவர்களுக்கு வருவது என்று நினைத்திருந்தான்.

அந்த வாரம் புதன்கிழமையே அந்தக் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. 'எங்கள் நிறுவனத்தின்மீது நீங்கள் காட்டிய ஆர்வத்துக்கு நன்றி.' அதற்குக் கீழே அவன் படிக்கவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டான். நான்காவது தடவை எடுத்தாள்.

"மேல ஒத்துக்கல அண்ணா."

"சம்பளம் வேணாங்க. ஒரு லெட்டர் மட்டும் குடுங்க. வேலைக்குச் சேத்துக்கிட்டோம்னு ஒரே ஒரு லெட்டர்."

"அப்படியெல்லாம் குடுக்கறதில்ல அண்ணா. உடம்பைப் பாத்துக்கங்க," என்று வைத்துவிட்டாள்.

உடனே அம்மாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவும் செய்தான். அவன் வாயைத் திறக்குமுன் அவள் ஆரம்பித்துவிட்டாள். கடைக்கு முட்டையை உப்பில் ஊறப்போட்டு வைத்திருக்கிறாளாம், வெங்காயம் இந்தத் தடவை நல்ல வாளிப்பாம், பஸ்ஸுக்கு முன்பணம் கட்டியாயிற்றாம். "போன முறை பாதியில உடம்பு படுத்துச்சு. இந்த முறை பாரு, விடிகாலைலயே கடையத் தொறந்துடுவேன்," என்றாள். அவள் குரலில் அத்தனை உற்சாகம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. "சரிம்மா" என்றான். முதலீட்டாளரிடம் திறக்காத அதே வாய், அம்மாவிடமும் திறக்கவில்லை.

வியாழக்கிழமையும் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போது பஸ் நிலையத்துக்கு ஓடினான். அங்கேயே நிறுத்தி, காலில் விழுந்து, திருப்பி அனுப்பிவிடலாம் என்று நினைப்பு. பஸ் முன்னாலேயே வந்துவிட்டது. அம்மா ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போயிருந்தாள். அவன் மூச்சிரைக்கக் கடைக்கு வந்தபோது, வாசலில் வெங்காய மூட்டையும் முட்டைக் கூடையும் இருந்தன. அவளுடைய மிளகாய்ச் சம்பால் அரைக்கும் கல் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. அவள் ஏற்கனவே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்ன கஸ்மி, இன்னும் மூட்டை கட்டலியா? பஸ் போயிடப் போவுது," என்று தம்பி மனைவியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாணலி முன்னால் கரண்டியோடு நின்ற கஸ்மி அத்தை புருஷனைப் பார்த்தாள். தர்ஜுகி மாமா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"அக்கா, நீ எதுக்கு வந்தே?"

"எதுக்கு வந்தேனா? தூக்கத்துல இருக்கியா? இன்னிக்கு என் முறைடா."

"பணம்..."

"அதான் நஸ்ருல் குடுத்துட்டானே."

மாமா அவனைப் பார்த்தார். அம்மாவும் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த பைக்காரன் ஒருவன் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினான்.

"குடுக்கலம்மா," என்றான் நஸ்ருல்.

"எப்பக் குடுப்பே?"

"எங்கிட்ட இல்ல. வேலை கிடைக்கல. இருந்த மிச்சமும் போயிடுச்சு."

"எங்க போச்சு?"

எப்படிச் சொல்வது? போனில் போட்டேன், போனிலேயே போய்விட்டது என்றா? நின்ற இடத்திலேயே செத்துப்போகக் கூடாதா என்று இருந்தது அவனுக்கு. அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வெங்காய மூட்டைமேல் மெதுவாக உட்கார்ந்தாள்.

"அக்கா, நானும் கடன்லதான் நிக்கறேன்," என்றார் மாமா. "மாடும் போச்சு. மாமனார் வீட்டுல தெனம் ஒரு போனு. இல்லாட்டி உன்கிட்ட நான்..."

"உன்னை யாருடா குத்தம் சொன்னா? பேச்சுன்னா பேச்சுதான்," என்றாள் அம்மா. உள்ளே தொட்டியோரம் குவிந்துகிடந்த தட்டுகளை எட்டிப் பார்த்தாள். "தட்டு கழுவுற பொண்ணு ஊருக்குப் போனவ திரும்பி வரலன்னு கஸ்மி சொன்னாளே. ஆளு போட்டுட்டியா?"

"என்ன அக்கா பேசறே நீ?"

"போட்டுட்டியா இல்லியா?"

"இல்ல."

"அப்ப எனக்குக் குடு. வயசாயிடுச்சுன்னு பாக்காத. கை இன்னும் வேகமாத்தான் ஓடுது. மத்தவங்களுக்கு என்ன குடுப்பியோ அதுவே போதும். பரண்ல படுத்துக்கறேன்."

கஸ்மி அத்தை தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். மாமா சரியென்று தலையை அசைத்தார். அம்மா எழுந்தாள். எழுந்தவள் நஸ்ருலைப் பார்த்தாள். அந்த இஸ்திரி கலைந்த சட்டை, முகத்தில் முளைத்திருந்த தாடி, பசி, எல்லாவற்றையும் பார்த்தாள்.

"இவனுக்கும் ஏதாச்சும் ஒண்ணு பாத்துக் குடேன் தம்பி," என்றாள். "படிச்சவன்தான். ஆனா சின்னதுல தட்டு நல்லாக் கழுவுவான். சொன்ன பேச்சு கேப்பான்."

"ஒரு ஆளுக்குத்தான் அக்கா வேலை இருக்கு," என்றார் மாமா. அதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

அம்மா யோசிக்கக்கூட இல்லை. "அப்ப அவனை வெச்சுக்க," என்றாள். "எனக்கென்ன, ஊர்ல அடுத்தவன் வயல்ல களை எடுத்தாச்சும் தின்னுக்குவேன்."

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம் அது. இதுவரை எங்கெங்கே வாய் திறக்காமல் போனானோ, அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு வார்த்தை. ஆனால் இன்றைக்கு இரவு படுக்க அவனுக்கு இடமில்லை. நேற்று மத்தியானத்துக்குப் பிறகு எதுவும் தின்னவில்லை. வாணலியிலிருந்து மீன் வாசனை வந்தது. அவன் பேசாமல் நின்றான். தன்னை அவன் அதுவரை அவ்வளவு வெறுத்ததில்லை. நின்றது கொஞ்ச நேரம்தான், ஆனால் அம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. ஏப்ரனை அவிழ்த்து அவன் கழுத்தில் மாட்டி, பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

"மாமாவுக்கு எதுத்துப் பேசாத," என்றாள்.

அவன் தொட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து முதல் தட்டை எடுத்தான். வெளியே அம்மா, ஊருக்குத் திரும்புகிற பஸ் எத்தனை மணிக்கு என்று அந்தப் பைக்காரனிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.