நான் எழுதிய இன்ஸ்பெக்டரின் பால்யம்

தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை வந்த குற்றத் தொடர் ஒன்றுக்கு நான்கு வருடம் கதை வசனம் எழுதினேன். அதில் வரும் இன்ஸ்பெக்டர் யாரையும் அடிக்க மாட்டார். விசாரிக்கப் போன வீட்டில் குழந்தை இருந்தால், முதலில் அது சாப்பிட்டதா என்று கேட்பார். வெளியே யாராவது நடந்து வந்தால், வருகிறவர் கோபமாக வருகிறாரா, பயந்து வருகிறாரா என்று ஆளைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

"ஒரு அறை விட்டா உண்மை வந்துடும். இவரு ஏம்மா இப்படி உக்காந்து பேசிக்கிட்டே இருக்காரு?" என்று இயக்குநர் ஒருநாள் கேட்டார்.

"சின்ன வயசுல அவருக்கு வீடு சரியில்ல சார்."

"அப்ப அதையும் எழுதுங்க" என்றார்.

அதற்காக நான் எதையும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் நடந்த வருடங்களில் நாங்கள் குமணன்சாவடியில் இருந்தோம். ஓர் அறை வீடு. பின்னால், பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு மாட்டுக் கொட்டகை. மாடு கிடையாது. நைனாவுக்கு ஆவடியில் பட்டாளத்து டிப்போவில் லாரிகளுக்கு டயர் மாற்றும் வேலை. அம்மா மல்லித் தோட்டத்தில் பூப்பறிக்கப் போவாள். நைனா குடிப்பார். குடிக்காத நாளிலும் அம்மாவை அடிப்பார், அதனால் குடியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தெருமுனையில் அவர் செருப்பு தரையில் இழுபட்டு வந்தால் களைப்பாக இருக்கிறார், பயமில்லை. குதிகால் ஊன்றி ஊன்றி வந்தால் நான் ஓடிப்போய் அரிவாள்மணையை ஒளித்து வைப்பேன். எட்டு வயதில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

ஒரு சாயங்காலம் மாங்காட்டு வண்டிக்காரர் ஒருவர் வைக்கோல் கொண்டுவந்தார். மாடில்லாத வீட்டுக்கு எதற்கு வைக்கோல் என்று எட்டிப் பார்த்தேன். அதற்குள்ளிருந்து இரண்டு புது லாரி டயர்களை நைனா கொட்டகைக்குள் உருட்டிக்கொண்டு போனார். டயருக்கு ஊரே பறந்துகொண்டிருந்த காலம் அது. நான் நிற்பதைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"வாயத் தொறந்தே, உன் ஆத்தாள கெணத்துல தள்ளிடுவேன்."

நான் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் போலீஸ் வந்தது. வைக்கோலைக் கலைத்ததும் டயர்கள் தெரிந்தன. நைனா கொஞ்சமும் தயங்காமல் பக்கத்து வீட்டைக் காட்டினார். "அந்தாளு எடுத்தாந்து வெச்சதுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது."

பக்கத்து வீட்டுக்காரரும் அதே டிப்போவில்தான் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் அடி விழுந்து அடுப்பு எரியாத நாட்களில் என்னைக் கூப்பிட்டுத் தன் தட்டிலிருந்து சோறு பிசைந்து கொடுப்பவர். அவர் கையைப் பின்னால் கட்டினார்கள். "நான் இல்லீங்க, நான் இல்லீங்க" என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சு வரவில்லை.

வந்தவர்களில் மீசை நரைத்த ஏட்டு ஒருவர் இருந்தார். "நீ எதுனா பாத்தியாம்மா?" என்று என்னிடம் கேட்டார். நான் நைனாவைப் பார்த்தேன். நான் பார்த்ததை ஏட்டு பார்த்துவிட்டார். நைனாவைக் கான்ஸ்டபிளோடு தெருக்கோடிக்கு அனுப்பினார். பிறகு என் எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"சாப்ட்டியா?"

"இல்ல."

"நேத்து?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் அவசரப்படவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கடைசியில் நான்தான் கேட்டேன்.

"நான் சொன்னா நைனா இன்னிக்கி ஊட்டுக்கு வருமா?"

"இன்னிக்கி வராது. அப்பறம் எப்ப வரும்னு எனக்குத் தெரியாதும்மா."

இனி வரவே வராது என்று அவர் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். தெரியாது என்றதால் நம்பினேன். வைக்கோல், டயர், மாங்காட்டு வண்டி, கிணறு எல்லாவற்றையும் சொன்னேன். வண்டிக்காரரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டதும் பக்கத்து வீட்டுக்காரரின் கட்டை அவிழ்த்தார்கள். அவர் என் தலையில் கையை வைத்துவிட்டு உள்ளே போனார். நைனாவை நடத்திக்கொண்டு போனார்கள். அந்தச் செருப்புச் சத்தம் தேய்ந்து நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உடம்பு காற்று மாதிரி இருந்தது.

அம்மாவை நினைத்ததும் மறுபடி பயம் வந்தது. அவள் இடுப்பில் கூடையோடு வந்தாள்.

"இன்னா, தெருவே நம்ம ஊட்டப் பாத்துகினு கீது?"

"நைனாவ போலீஸ் இட்டுகினு பூட்டாங்க. நாந்தான் சொன்னேன்."

அம்மா கூடையை இறக்கி வைத்தாள். "உன்ன அடிச்சாங்களா?"

"இல்ல."

"அப்ப செரி. கை கழுவிகினு வா."

அன்று சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கினாள். அம்மா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நானும் வயிறு வலிக்கிற அளவு தின்றேன்.

தகப்பன் ஜெயிலுக்குப் போன நாளில் அப்படிச் சாப்பிட்டேனே என்று பின்னால் பல வருடம் வெட்கப்பட்டிருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. இன்ஸ்பெக்டரின் வாயில்தான் அதை வைத்தேன். ஒரு கதையில், அப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டு அழும் சிறுமியிடம் அவர் சொல்வார்: "எங்கப்பாவ புடிச்சிட்டுப் போன அன்னிக்கு நான் நல்லா சாப்பிட்டேன்மா. அது தப்பில்ல." ஜனங்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று இயக்குநர் தயங்கினார், ஆனால் வெட்டவில்லை. அது ஒளிபரப்பான வாரம் சேலத்திலிருந்து ஒரு பெண் கடிதம் போட்டிருந்தார். தானும் அப்படித்தான் சாப்பிட்டதாக எழுதியிருந்தார். வேறெதுவும் எழுதவில்லை. அந்தக் கடிதத்தைப் படித்ததோடு என் வெட்கம் போயிற்று.

நைனாவுக்கு ஒரு வருடம் தண்டனை கிடைத்தது. அது முடிவதற்குள் மாமா எங்களைத் திருநின்றவூருக்குக் கூட்டிப்போய்த் தன் வீட்டுப் பக்கத்திலேயே குடிவைத்தார். வெளியே வந்த நைனா ஒரு லாரிக்காரரோடு பெங்களூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சேதி வந்தது. திரும்பி வரவில்லை.

சேதி வந்த மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு மத்தியானமே வந்துவிட்டேன். அம்மா கதவை விரியத் திறந்து போட்டுவிட்டு, கையையும் காலையும் பரப்பிக்கொண்டு, லேசாகக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டப்பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. சிலேட்டை ஓரமாக வைத்துவிட்டு ஏரிக்கரைக்கு விளையாடப் போனேன்.